முக அங்கீகாரம்: யார் யாரை அங்கீகரிப்பது?

கலைச்சொல் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு சொல் கேட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில் நீதிமன்றத்துக்குக் கிட்ட மொழிபெயர்ப்புக் கந்தோர் ஒன்று வைத்திருக்கிறேன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, விவாகப் பதிவு என்று வருவதில்தான் பிழைப்பு ஓடுகிறது. போன மாதம் உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து இரண்டு பக்கப் படிவம் ஒன்று வந்தது. வரவுப் பதிவேட்டில் கையொப்பம் வைப்பதை அங்கே நிறுத்திவிட்டார்கள். ஊழியர் வாசலில் முகத்தைப் பார்த்து வரவு பதியும் மெஷின் பூட்டியிருக்கிறது. அதற்கு ஊழியர்களிடம் சம்மதம் வாங்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தை யாரோ இணையத்தில் போட்டுத் தமிழாக்கி, சரி பார்த்து முத்திரை குத்தித் தரும்படி அனுப்பியிருந்தார்கள். முதல் வரி இது: "முக அங்கீகாரத்திற்கு எனது முழுச் சம்மதத்தை வழங்குகிறேன்."

கொண்டுவந்தவர் அங்கே அறை துப்புரவு செய்யும் ஒரு அம்மா. நான் வாசித்து முடிக்கும்வரை கதிரையின் நுனியில் இருந்தார். பிறகு கேட்டார்: "தம்பி, என்ர முகத்தை ஆர் அங்கீகரிக்கிறது? அம்பது வருசமா இந்த முகத்தோடதானே திரியிறன்." சிரித்துவிட்டேன். ஆனால் அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

அங்கீகாரம் என்றால் நமக்கு என்ன? ஒரு பாடசாலைக்குக் கிடைப்பது, ஒரு சங்கத்துக்குக் கிடைப்பது. மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவரை ஏற்றுக்கொள்வது. 'ரெகக்னிஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்தப் பொருளும் உண்டு, முன்பு பார்த்த ஆளைத் திரும்பக் கண்டு 'இவர் இன்னார்' என்று தெரிந்துகொள்ளும் பொருளும் உண்டு. அகராதியில் முதலில் கிடந்ததை எடுத்து ஒட்டிவிட்டார்கள். சிங்களத்தில் இந்தத் தொல்லை இல்லை. 'முஹுணு ஹந்துநாகெனீம' என்கிறார்கள், ஆளைத் தெரிந்துகொள்வது என்று நேராக இருக்கிறது.

நம் அரச கடிதங்களில் வரும் 'இனங்காணல்' என்ற சொல்லைப் போட்டுப் பார்த்தேன். 'முக இனங்காணல்.' எழுதி முடித்ததும் அடித்துவிட்டேன். மூன்று இனமும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊர் இது. முகத்தைப் பார்த்து இனம் காணும் மெஷின் என்று ஒருவர் வாசித்தால் நான் என்ன பதில் சொல்வது?

சரி, சொல் மட்டும்தான் பிழை என்றால் மாற்றிவிட்டுப் போயிருப்பேன். தோண்டத் தோண்டத்தான் தெரிந்தது, கமராவுக்குள் மூன்று வேறு வேலை நடக்கிறது, மூன்றையும் நாங்கள் ஒரே பெயரால் கூப்பிடுகிறோம். போனில் படமெடுக்கும்போது முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் விழுமே, அங்கே 'இது ஒரு முகம்' என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். யாருடையது என்று அது கேட்பதில்லை. போனைத் திறக்க முகத்தைக் காட்டும்போது 'நான்தான் இதன் சொந்தக்காரன்' என்று நாமே சொல்கிறோம். சேமித்து வைத்த அந்த ஒரு முகத்தோடு அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. மூன்றாவது வேறு சங்கதி. நாம் எதையும் சொல்லவில்லை, எதையும் காட்டவில்லை. மரக்கறிப் பையோடு டொக்கியார்ட் வீதியால் நடந்து போகிறோம். எங்கேயோ ஒரு பட்டியலில் ஆயிரம் முகம் இருக்கிறது. அந்த ஆயிரத்தோடும் நம் முகம் ஒப்பிடப்படுகிறது. ஒப்பிட்டது நமக்குத் தெரியவும் வராது.

சட்டத்துக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக முடியாது. வேல்ஸில் கார்டிஃப் நகரத்துக் கடைத்தெருவில் 2017 டிசம்பரில் பொலிசார் இப்படி ஒரு கமராவை வான் வாகனம் ஒன்றில் பூட்டி நிறுத்தியிருந்தார்கள். அந்த வழியால் போன ஒருவர் வழக்குப் போட்டார். பட்டியலில் இல்லாதவர்களின் முகத் தரவை உடனேயே அழித்துவிடுகிறோம் என்று பொலிஸ் தரப்பு சொன்னது. கீழ் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்த்தது. 2020 ஆகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. யாரைப் பட்டியலில் போடுவது, எந்த இடத்தில் கமராவை நிறுத்துவது என்ற இரண்டையும் உத்தியோகத்தரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டால் அது சட்டத்தின்படி நடந்ததாகாது என்பது தீர்ப்பின் மையம். பெண்களையும் வெள்ளையர் அல்லாதவர்களையும் அந்த மென்பொருள் அதிகம் பிழையாகக் காட்டுகிறதா என்று பொலிசார் சோதித்துப் பார்க்கவில்லை என்பதும் குறையாகச் சொல்லப்பட்டது.

நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பயோமெட்ரிக் தரவை, அதாவது முகம், கைரேகை போன்ற உடல் அடையாளத் தரவை, விசேட வகையில் வைத்திருக்கிறது. பொது இடங்களையோ தொலைத்தொடர்பு வலையமைப்புகளையோ முறையாகக் கண்காணிக்கப் போகிறவர், தொடங்குவதற்கு முன்பே அதனால் ஆட்களுக்கு வரக்கூடிய பாதிப்பை மதிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் தமிழில் வாசிக்கிறவருக்கு, ஹோட்டல் வாசல் மெஷினும் தெருக் கமராவும் ஒரே 'முக அங்கீகாரம்' என்றால், எதற்குக் கையொப்பம் வைத்தோம் என்று எப்படித் தெரியும்?

என் யோசனை இரண்டு சொல். ஆளே முன்வந்து 'நான் இன்னார்' என்று காட்டுவதற்கு 'முகவொப்பம்'. கையொப்பம் இருக்கிறதே, அதே வழி. பதிவேட்டில் கையொப்பம் வைத்த இடத்தில் இப்போது முகவொப்பம். பட்டியலோடு ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிப்பதற்கு 'முகத்தேடல்'.

கிழித்துப் போடுங்கள். ('கண்காணிப்பு' பற்றியும் ஒரு புலம்பல் இருக்கிறது. நோய்க் கண்காணிப்பு, தேர்தல் கண்காணிப்பு, வேலைக் கண்காணிப்பு எல்லாம் ஒரே சொல். தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 'கண்காணிப்பவர்களைக் கண்காணிக்கும்' என்று எழுத வேண்டியிருக்கிறது. மலையகத்துக் கங்காணி ஆங்கிலத்துக்கே போய்க் குடியேறிவிட்டார். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.)

அன்புடன்,
திருமலைக்காரன்

* * *

சென்னையிலிருந்து:

நண்பரே, அங்கீகாரம் தவறு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே 'முகமறிதல்', 'முக அடையாளம் காணுதல்' இரண்டும் பத்திரிகைகளில் வந்துகொண்டிருக்கின்றன. ஓடுகிற சொல்லை நிறுத்திவிட்டுப் புதுச்சொல்லை ஓட வைப்பது எத்தனை கஷ்டம் என்று இந்தக் குழுவுக்குத் தெரியும். முகமறிதலைப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டு அதற்குக் கீழே உங்கள் இரண்டு சொற்களையும் வைக்கலாமே?

'தேடல்' என் காதுக்கு ரொம்ப இனிப்பாக இருக்கிறது. இங்கே தேடல் என்றால் இளைஞனின் தேடல், ஆன்மிகத் தேடல், மிஞ்சினால் இணையத் தேடல். போலீஸ் கேமரா செய்யும் வேலைக்கு இவ்வளவு நல்ல பெயர் வேண்டாம்.

சட்டம் பற்றி ஒன்று. இங்கே 1962இல் கரக் சிங் வழக்கில், ராத்திரி வீட்டுக் கதவைத் தட்டி ஆள் இருக்கிறாரா என்று போலீஸ் பார்ப்பது செல்லாது என்றார்கள். ஆனால் தனியுரிமை என்று ஓர் அடிப்படை உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் எழுதினார்கள். அது மாற 2017 ஆகஸ்ட் 24 வரை, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உட்காரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைக்குக் கதவைத் தட்டியதால் ஆளுக்குத் தெரிந்தது. இன்றைக்குத் தட்டுவதே இல்லை. உங்கள் மூன்றாவது வகைக்குப் பெயர் வைக்கும்போது 'தெரியாமல் நடப்பது' என்ற குறிப்பும் சொல்லுக்குள் வந்தால் நல்லது.

* * *

மட்டக்களப்பிலிருந்து:

தம்பி, சொற்கள் வாயில் நிற்கின்றன, அது முக்கியம். ஆனால் மெஷின் தேடுவது முகத்தையா, ஆளையா? ஆளைத்தான். முகம் அதற்குக் கருவி. நமது சட்டத் தமிழில் 'ஆள்' பழகிய முதற்சொல். ஆட்பதிவுத் திணைக்களம் இருக்கிறது, ஆட்கொணர்வு மனு இருக்கிறது, ஆள்மாறாட்டம் இருக்கிறது. அந்தக் குடும்பத்திலேயே ஒரு பிள்ளையைச் சேர்க்கலாமே என்று 'ஆள்தேடல்' எழுதிப் பார்த்தேன். புணர்ச்சி விதியைக் கறாராகப் பார்த்தால் 'ஆட்டேடல்' ஆகும். அதை வாசிக்கிறவன் ஆட்டைத் தேடிக் கயிற்றோடு கிளம்பிவிடுவான். ஆகவே நானே விலக்கிக்கொள்கிறேன்.

வள்ளுவர் 'ஒற்றாடல்' என்று ஒரு அதிகாரமே வைத்தார். "வினைசெய்வார் தம்சுற்றம் வேண்டாதார் என்றாங்கு அனைவரையும் ஆராய்வது ஒற்று" என்கிறார். அனைவரையும்! ஊழியனையும் உறவினனையும் பகைவனையும் ஒரே வலைக்குள் போட்டுவிட்டார். ஒற்று என்ற அடியை விடாதீர்கள். 'முகவொற்று' எப்படி?

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து:

முகவொப்பம் அழகான சொல். அதனால்தான் பயமாக இருக்கிறது.

நான் வழக்குப் பேசுகிறவள். 'ஒப்பம்' என்றால் எனக்கு இரண்டு பொருள் கேட்கும். ஒன்று ஒப்பிடுதல், மற்றது ஒப்புதல். கையொப்பம் வைத்தவர் அந்தப் பத்திரத்தை ஏற்றுக்கொண்டார் என்றுதான் நீதிமன்றம் தொடங்கும். நாளைக்கு ஒரு சட்டத்தரணி எழுந்து, "கனம் நீதிபதி அவர்களே, இவர் தினமும் காலையில் முகவொப்பம் வைத்திருக்கிறார், ஆகவே தினமும் சம்மதித்திருக்கிறார்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? வேலை போய்விடும் என்று பயந்து மெஷினுக்கு முன்னால் நின்றவளுக்கு அந்தச் சொல்லே எதிர்ச்சாட்சியாகிவிடும். சம்மதம் என்பதைச் சட்டம் தனியாக, சுயமாகத் தரப்பட்டதாகக் கேட்கிறது. கருவியின் பெயருக்குள் சம்மதத்தை ஒளித்து வைக்காதீர்கள்.

இன்னொன்று. நம் சட்டங்களின் கடைசிப் பிரிவை எல்லோரும் தாண்டிப் போய்விடுவோம். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண் வந்தால் சிங்கள உரையே மேலோங்கும். ஆகவே சட்டத்துக்குள் நாம் எந்தச் சொல்லைப் போட்டாலும் வழக்கு அதில் தங்காது. படிவத்தில், அறிவித்தல் பலகையில், ஆள் வாசிக்கிற இடத்தில்தான் தமிழ்ச் சொல்லுக்கு வேலை. அங்கே சரியாக இருந்தால் போதும்.

* * *

திருகோணமலையிலிருந்து மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> கருவியின் பெயருக்குள் சம்மதத்தை ஒளித்து வைக்காதீர்கள்.

அக்கா, இதை வாசித்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். அந்தச் சொல்லை மூன்று நாள் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தவன் நான். ஆனாலும் நீங்கள் சொல்வது சரி. முகவொப்பத்தை விட்டுவிடுகிறேன். 'முகச் சரிபார்ப்பு' என்று வைப்போம். அழகில்லை, ஆனால் வங்கியில் நிற்கிற யாருக்கும் விளங்கும்.

> 'முகவொற்று' எப்படி?

சேர், ஒற்று எனக்கும் பிடிக்கும். ஆனால் வள்ளுவர் அதை அரசனுக்குச் சொன்னார். நாம் எழுதுவது ஒற்றப்படுகிறவர் கையில் போகும் தாளில். அதைவிட, இன்றைக்கு ஒற்று என்றால் என் மகளுக்கு மெய்யெழுத்துத்தான் தெரியும். முகவொற்று மிகுமா மிகாதா என்று கேட்பாள்.

> 'தேடல்' என் காதுக்கு ரொம்ப இனிப்பாக இருக்கிறது.

இங்கேதான் நமக்கும் உங்களுக்கும் நடுவில் கடல் இருக்கிறது, அண்ணா. எங்கள் ஊரில் 'தேடுதல்' என்று சொன்னால், நாற்பது வயதுக்கு மேற்பட்ட யாரும் முதலில் அடையாள அட்டையைத் தடவிப் பார்ப்பார்கள். யுத்த காலத்தில் விடியப்புறம் சுற்றிவளைப்பு. வீட்டில் உள்ள ஆண்கள் எல்லோரும் பாடசாலை மைதானத்துக்கு வரவேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். அப்பாவோடு போனேன். வரிசையாக நடக்க விட்டார்கள். வரிசையின் முடிவில் ஒரு வாகனம், அதற்குள் ஒருவர். தலையில் சாக்குப் போட்டிருந்தது, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவரும் அவருக்கு முன்னால் ஒரு கணம் நின்று போக வேண்டும். அவர் தலையை ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆட்டினால் மற்றப் பக்கம். 'தலையாட்டி' என்று பெயர். அப்பா நின்ற அந்தக் கணத்தில் நான் சாக்கைப் பார்க்கவில்லை, அந்த ஆளின் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார் அறுந்து சட்டைப்பின் குத்தியிருந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? கார்டிஃப் வழக்கை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது அந்தச் சாக்குத்தான். நம்மிடம் ஒரு பட்டியல் இல்லை, தலையாட்டியின் தலைக்குள் இருந்தது. அவருக்கு எது ஞாபகம், எது பயம், எது பழிவாங்கல் என்று யாரும் கேட்க முடியாது. யாரைப் பட்டியலில் போடுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று அந்த நீதிபதிகள் கேட்ட இரண்டு கேள்வியையும் அந்த மைதானத்தில் கேட்டிருந்தால்! இப்போதைய மெஷினுக்கும் அதே கேள்விதான். சாக்குக்குப் பதில் கண்ணாடி.

நல்லவேளை, 'தலையாட்டி' என்றே பெயர் வையுங்கள் என்று யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஆதரித்திருப்பேன்.

ஆகவே தேடலில் இருக்கும் கசப்பு எனக்கு வேண்டும். இனிப்பாகக் கேட்கிற சென்னைக்காரர் 'முகமறிதல்' என்பதைப் பொதுப்பெயராக வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 'தெரியாமல் நடப்பது' என்ற குறிப்பைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டுமா? 'மறைமுகத்தேடல்' என்று ஒரு கணம் தோன்றியது. மறைமுகம், முகத்தேடல், இரண்டு முகமும் ஒன்றுக்குள் போய்விட்டன. விளையாட்டு நல்லது, படிவத்துக்கு ஆகாது.

தனியுரிமை பற்றி நீங்கள் எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அதற்கென்று இன்னும் ஓர் உறுப்புரை இல்லை. 2015இல் 19ஆம் திருத்தம் தகவல் பெறும் உரிமையை 14அ என்று கொண்டுவந்தது. அந்த உரிமைக்கு விதிக்கக்கூடிய மட்டுப்பாடுகளின் வரிசையில்தான் தனியுரிமை உள்ளே வந்தது. முன்வாசலால் வராமல் குசினி வாசலால் வந்த விருந்தாளி.

* * *

கனடாவிலிருந்து:

அண்ணை, நான் மென்பொருள் வேலை செய்கிறவன். ஒரு கேள்வி. அந்த ஹோட்டலில் ஊழியர் மெஷினுக்கு முன்னால் வந்ததும் முதலில் இலக்கம் ஏதும் அழுத்துகிறாரா? அல்லது அட்டை காட்டுகிறாரா?

ஏன் கேட்கிறேன் என்றால், மெஷினுக்கு முகம் தெரியாது. முகத்தை அது ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றிக்கொள்கிறது. இரண்டு எண் வரிசைக்கு இடையே உள்ள தூரம் ஓர் எல்லைக்குள் இருந்தால் ஒரே ஆள் என்கிறது. அந்த எல்லையை மனிசர்தான் வைக்கிறார்கள். இறுக்கினால் சொந்த ஆளையே விரட்டும், தளர்த்தினால் வேற்றாளை உள்ளே விடும். இலக்கம் அழுத்தினால் ஒருவருக்கு ஒரே ஒப்பீடு. அழுத்தாவிட்டால் பட்டியலில் எத்தனை பேரோ அத்தனை ஒப்பீடு.

கோணேசர் கோயில் திருவிழாவுக்குப் பத்தாயிரம் பேர் வருகிறார்கள், வாசல் கமராவில் 500 பேர் பட்டியல் இருக்கிறது என்று சும்மா வைத்துக்கொள்ளுங்கள். 50 இலட்சம் ஒப்பீடு. இலட்சத்தில் ஒன்றுதான் பிழையாகும் என்றாலும், கும்பிட வந்த ஐம்பது பேரைச் சுட்டிக்காட்டும். அதே மெஷின் போனைத் திறக்கும்போது உங்களுக்குப் பிழையே தெரியாது. பிழைகள் எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019இல் வெளியிட்ட சோதனையில், பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் வேற்றாளை 'இவர்தான்' என்று பிழையாகச் சொன்னது, வெள்ளையர் முகங்களைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை அதிகமாக இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம் நீங்கள் கேட்கும் இரண்டையும் வேறு வேறு சொல்லாக வரைவிலக்கணப்படுத்தியிருக்கிறது. பொது இடத்தில் உடனுக்குடன் தேடும் வகையைப் பொலிஸ் பாவிப்பதற்குச் சில விதிவிலக்குகளோடு 2025 பெப்ரவரி 2 முதல் தடை. சரிபார்ப்புக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே சொல்லைப் பிரிப்பதில் நீங்கள் தனியாள் இல்லை. ஆனால் எந்த மெஷின் எந்தப் பக்கம் விழுகிறது என்று போய்ப் பார்த்துவிட்டுப் பெயரை ஒட்டுங்கள்.

* * *

திருகோணமலையிலிருந்து, கடைசியாக:

தம்பியின் கேள்விக்காக நேற்று விடிய உப்புவெளிக்குப் போனேன்.

ஊழியர் வாசல் பின்பக்கம், சமையலறைக்கு எரிவாயு சிலிண்டர் இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில். சுவரில் ஒரு கையளவு கறுப்புக் கண்ணாடி. ஆறு மணிக்கு முதல் ஆள் வந்தார். இலக்கம் அழுத்தவில்லை, அட்டை காட்டவில்லை. முன்னால் நின்றார். பச்சை வெளிச்சம் வந்தது, பெண் குரலில் நன்றி சொன்னது, திரையில் அவர் பெயர் விழுந்தது. அடுத்தவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தால் போனார், அவர் நிற்கவே இல்லை, அவர் பெயரும் விழுந்தது. எண்பது பேர் வேலை செய்யும் இடம். அந்த எண்பதுக்குள் அது ஒவ்வொருவரையும் தேடித்தான் எடுக்கிறது.

ஆக, இவ்வளவு நாளும் சரிபார்ப்பு என்று நான் பிடிவாதம் பிடித்த மெஷின் முகத்தேடல். முகவொப்பம் என்று முத்திரை குத்திக் கொடுத்திருந்தால் அக்கா சொன்ன பிழை ஒன்று, தம்பி சொன்ன பிழை ஒன்று, இரண்டையும் என் கையொப்பத்தோடு கொடுத்திருப்பேன்.

படிவத்தைத் திருப்பி எழுதினேன். "வரவு பதிவதற்காக மாத்திரம், இந்த ஹோட்டலின் ஊழியர் பட்டியலுக்குள் மாத்திரம், எனது முகத்தை வைத்து முகத்தேடல் செய்வதற்கு..." என்று போகிறது வசனம். வேலையை விட்டால் முகத் தரவு எத்தனை நாளில் அழிக்கப்படும் என்று ஒரு வெற்றிடமும் விட்டிருக்கிறேன், நிர்வாகம் நிரப்ப வேண்டும். விரும்பாதவர் பதிவேட்டில் கையொப்பம் வைக்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்துக் கேட்டிருக்கிறேன். அது மொழிபெயர்ப்பாளரின் வேலையா என்று கேட்டால், இல்லைத்தான்.

முகாமையாளருக்கு 'தேடல்' பிடிக்கவில்லை. ஊழியர்களைக் கள்ளர் போலக் காட்டுகிறதாம். "பழைய சொல்லையே போடுங்கோ, அது மரியாதையா இருக்கு" என்றார். அந்த அம்மாவும் பக்கத்தில் நின்றார், கையில் விரிப்புத் துணிக் கட்டு. என்னையும் அவரையும் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பக்கம் தலையை ஒருக்கால் திருப்பினார். அது உடனே அவர் பெயரைச் சொன்னது.

"தேடித்தானே சேர் எடுக்குது?" என்றார்.